முதல் சட்டி

அந்த நாற்காலியில உக்காராதீங்க சார், அது ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஃபேனைச் சித்தெ இப்படித் திருப்பி வெக்கறேன். எங்க இஞ்சினியர் மாப்பிள்ளை இப்ப வந்துருவாருங்க. நாளைக்கு மேல்தளம் கான்கிரீட் போடறோம், அதுக்குக் கலவை கலக்கற பிளாண்டு வரைக்கும் போயிருக்காரு. லாரி எப்பக் கிளம்பும், எவ்வளவு கலவை வேணும், ஒரு சட்டி கூடவும் வரக்கூடாது, ஒரு சட்டி குறையவும் கூடாதுன்னு நேர்ல உக்காந்து பேசிட்டுத்தான் வருவாரு. போன்ல சொன்னா ஆகாதுங்களாமா. நானெல்லாம் இத்தனை வருசமும் போன்லதான் சொன்னேன். கட்டடமெல்லாம் நின்னுட்டுத்தான் இருக்குது.

நீங்க பசுமைச் சான்றிதழுக்காகப் பார்க்க வந்த ஆபீசருன்னு தெரியும் சார். ஒரு வாரமா இங்க அதே பேச்சுத்தான். சென்னையில இருந்து ஆள் வருது, கூட்டு, அடுக்கு, அதை எடு, இதை வை. இந்தச் சான்றிதழ் கிடைச்சாத்தான் காலேஜ்காரங்க அடுத்துக் கட்டப்போற ஆஸ்பத்திரி வேலையும் எங்களுக்கு வருமாம். வந்தா அதுக்கும் மாப்பிள்ளைதான் தலைமை. வரலைன்னா பழையபடி சின்னச் சின்ன வேலை, பழையபடி நான். எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. இளநி குடிங்க. ஸ்ட்ரா கிடையாதுங்க, பிளாஸ்டிக் உள்ள வரக்கூடாதுன்னு உத்தரவு. அப்படியே தூக்கிக் குடிங்க, சட்டையில சிந்தாம.

நான் யாருன்னு கேட்டீங்களே. பேரு தெய்வசிகாமணிங்க. இந்தப் பெருந்துறை வட்டாரத்துல கம்பிக் கடைக்காரன்ல இருந்து கல் சூளைக்காரன் வரைக்கும் சிகாமணின்னா தெரியும். கம்பெனி முதலாளி நாச்சிமுத்து, என்ற அக்காவைக் கட்டுனவரு. எனக்கு மச்சான். அவரு மேஸ்திரியா இருந்து முதமுதல்ல காண்ட்ராக்ட் எடுத்தப்ப ஒரு ரேஷன் கடைக்குத் தளம் போட்டோமுங்க. அன்னைக்குன்னு பார்த்து வானம் கருகருன்னு கட்டிட்டு நிக்குது. கலவை போடலாமா வேண்டாமான்னு எல்லாரும் மேலயே பார்த்துட்டு நிக்கறாங்க. மச்சான் என்ற கையில சட்டியைக் குடுத்து, "நீ போடறா சிகாமணி, வர்றது வரட்டும்"னாரு. ஈசானிய மூலையில மஞ்சத் தண்ணி தெளிச்சு, முதல் சட்டியை நான் கொட்டினேன். மழை அப்படியே சென்னிமலைப் பக்கம் ஒதுங்கிப் போயிருச்சுங்க.

அன்னையில இருந்து மச்சானுக்கு ஒரே நம்பிக்கை. இவன் கைராசிக்காரன்னு. அப்பறம் கம்பெனி போட்ட ஒவ்வொரு தளத்துக்கும் முதல் சட்டி என்ற கைதான். நான் காய்ச்சல்ல படுத்திருந்தாக்கூட ஆட்டோ அனுப்பிருவாரு. போய் ஒரு சட்டி கொட்டிட்டு மறுபடியும் வந்து படுத்துக்குவேன். எனக்குப் படிப்பு வரலீங்க, பத்தாவதோட நின்னுட்டேன். கம்பெனியில பங்கும் கிடையாது. ஆனா அந்த ஒரு சட்டி இருந்துச்சு.

இந்த மாப்பிள்ளையைக் கொண்டு வந்ததே நான்தாங்க. அதைக் கேளுங்க முதல்ல. தரணிதரன், கோயமுத்தூர்ல பெரிய கம்பெனியில இஞ்சினியரா இருந்தாரு. ஒரு சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துல பார்த்தேன். பந்தியில தண்ணி டம்ளரைப் பாதி குடிச்சுட்டு வைக்காம முழுசாக் குடிச்சுட்டு எந்திரிச்சாரு. அடக்கமான பையனா இருக்கானேன்னு நானே விசாரிச்சு, நானே ஜாதகம் வாங்கிட்டு வந்து, நானே மச்சான்கிட்டப் பேசி, எங்க அக்கா மகள் ஹேமலதாவைக் கட்டி வெச்சேன். என்ற பையன் அவளைவிடச் சின்னவன், இல்லாட்டி உரிமைப் பேச்சு வந்திருக்கும், அது கிடக்கட்டும். தாய்மாமனாச் சீர் செஞ்சு, மணவறையில நின்னு மாலை எடுத்துக் குடுத்தது இந்தக் கைதான்.

முறைன்னு பார்த்தா அவரு எனக்கு மாப்பிள்ளை இல்லீங்க. மகன் முறை, பங்காளி. என்னைச் சித்தப்பான்னுதான் கூப்பிடுவாரு. வீட்டுல எல்லாரும் மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னு தலையில தூக்கி வெச்சு ஆடறதுல எனக்கும் அதே வாயில வந்துருச்சு. உடனே நீங்க பங்காளிக் காய்ச்சல்னு நினைச்சுக்காதீங்க. பொறாமைப்படற வயசா சார் எனக்கு. நடந்ததைச் சொல்றேன், அவ்வளவுதான்.

போன வருசம் ஆடி கழிஞ்சு இந்தப் பொம்பளைப்பிள்ளைக ஹாஸ்டல் வேலை வந்துச்சு. பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டோணும். பூமி பூசையன்னைக்கு மச்சான் எல்லார் முன்னாலயும் சொன்னாரு, "மாப்பிள்ளைதான் இங்க தலைமை, சிகாமணி கூட இருப்பான்"னு. கூட இருப்பான். வார்த்தையைப் பாத்தீங்களா. நாய்க்குட்டியைச் சொல்றாப்ல. நான் சிரிச்சுட்டே நின்னேன், தேங்காய் உடைச்சேன், பொங்கல் வாங்கிச் சாப்பிட்டேன்.

வந்ததும் மாப்பிள்ளை முதல்ல கை வெச்சது என்ற ஸ்டோர்லதாங்க. நம்ம சைட்டுல எப்பவும் எதுலயும் "இல்லை"ங்கற பேச்சே வராது சார். வேணுங்கறதுக்கு மேல பாதி சேர்த்து இறக்கி வெச்சுருவேன். மணல் மலையாக் கிடக்கும், கல்லு கோட்டைச் சுவராட்டம் நிக்கும். பார்க்கறவனுக்கே ஒரு மரியாதை வரும். மழை வந்து மணல்ல கொஞ்சம் அடிச்சுட்டுப் போகும், சிமெண்ட் கொஞ்சம் கட்டி தட்டிப் போகும், அதெல்லாம் தொழில்ல சகஜம். இவரு என்ன பண்றாரு, அந்தந்த வாரத்துக்கு என்ன வேலையோ அதுக்கு மட்டும் வரவழைக்கறாரு. தூரத்துல இருந்து லாரி வரக்கூடாது, பக்கத்துல கிடைக்கறதுதான் வேணும். செங்கல்லே வேண்டாம், அனல்மின் நிலையத்துச் சாம்பல்ல செய்யற கல்லு போதும். சைட்டைப் பார்த்தா வெறிச்சுனு, தீபாவளிக்கு மறுநாள் துணிக்கடை மாதிரி இருந்துச்சுங்க.

எப்ப சார் தட்டுப்பாடு வரும்னு நான் கண்கொத்திப் பாம்பாக் காத்துட்டிருந்தேன். வந்துச்சு. ஒரு நாள் பூச்சு வேலை நடக்கறப்ப சிமெண்ட் வண்டி டயர் வெடிச்சு விஜயமங்கலத்துல நின்னுபோச்சு. ஆளுக எல்லாம் கரண்டியைக் கீழ வெச்சுட்டு உக்காந்துட்டாங்க. மாப்பிள்ளை போனும் கையுமா அலையறாரு. எனக்கு உள்ளுக்குள்ள பாயாசம் குடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா பாருங்க, வேலை நிக்கறதை என்னால பார்த்துட்டு இருக்க முடியலீங்க. ரத்தத்துல ஊறிப்போச்சு. நானே வண்டியை எடுத்துட்டு எங்க இன்னொரு சைட்டுக்குப் போய், ஆட்டோவுல சிமெண்ட் ஏத்திக் கொண்டு வந்து இறக்கிட்டேன். சாயங்காலம் மச்சான் வந்தாரு. பூச்சைத் தடவிப் பார்த்துட்டு, "மாப்பிள்ளை, வேலை கடிகாரமாட்ட ஓடுது"ன்னாரு. மாப்பிள்ளை "சித்தப்பாதான்..."னு ஆரம்பிச்சாரு. அதுக்குள்ள மச்சானுக்குப் போன் வந்துருச்சு, காதுல வெச்சுட்டுப் போயிட்டாரு. கடேசி வரைக்கும் அந்த வாக்கியம் முடியவே இல்லீங்க.

காலையில கூட்டம் ஒண்ணு நடக்கும், நாளைக்கு நீங்களே பாருங்க. வேலைக்கு வந்த ஆளுகளை எல்லாம் வட்டமா நிக்க வெச்சு, இன்னைக்கு என்ன வேலை, எங்க வழுக்கும், எங்க தலையில விழும், எதுல மிச்சம் பண்ணலாம்னு பேசுவாரு. பேசறதோட விட்டாலும் பரவாயில்லை, அவங்களையும் ரோசனை கேப்பாரு. கம்பி கட்டறவன் கையைத் தூக்கி, சார், கம்பியை இந்த நீளத்துல வெட்டுனா துண்டு மிச்சமாகாதுங்கறான். இவரு கை தட்டறாரு. எல்லாரும் கை தட்டறாங்க. நான் ஒரு ஓரமா வெத்தலையை மடிச்சுட்டு நின்னேன். இத்தனை வருசத்துல எனக்கு ஒருத்தன் கை தட்டினதில்லைங்க. கை தட்டோணும்னு நான் எதிர்பார்த்ததும் இல்லை. ஆனா அப்படி ஒண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சதுக்கப்பறம் ஒரு மாதிரி ஆகிப்போச்சு.

அந்தக் கூட்டத்துலதான் என்ற பதவியை அறிவிச்சாரு. வேஸ்டுக்குப் பொறுப்பு சித்தப்பான்னு. குப்பைக்குங்க சார். அக்கா மகளைக் கட்டி வெச்சவனுக்குக் குப்பை. கம்பித் துண்டுக்குச் சிவப்பு டிரம், மரத்துண்டுக்குப் பச்சை, சிமெண்ட் சாக்குக்கு நீலம், டீ கப்பு இலை எல்லாம் மஞ்சள். கல்லுடைசல் தனி. கான்கிரீட் லாரியில அடியில ஒட்டிட்டு மிஞ்சற கலவையைக் கீழ கொட்டக்கூடாது, அச்சுல ஊத்திக் கல்லாக்கோணும். இதெல்லாம் சித்தப்பா பார்த்துக்குவாருன்னு சொல்லிட்டு என்ற முகத்தைப் பார்த்துச் சிரிச்சாரு. நல்ல சிரிப்புதாங்க. அதுதான் எரிச்சலே.

சரி, குடுத்தாச்சு, நாம செய்யறதைப் பார்த்து வாயடைச்சுப் போகோணும்னு செஞ்சேன். வர்றப்ப வாசல்ல இருந்து நடந்து வந்தீங்களே, பாதையில கல்லு பதிச்சிருக்குதே பார்த்தீங்களா? அத்தனையும் மிச்சக் கலவை. அவரு சும்மா சதுரமா ஊத்தச் சொன்னாரு. நான் அச்சுல கோலமாவு டப்பா மூடியை வெச்சு நடுவுல ஒரு பூ விழுகற மாதிரி பண்ணேன். அவருக்குத் தோணுச்சா அது? அந்த மேடையில கம்பித் துண்டு அடுக்கி வெச்சிருக்கறதைப் பாருங்க. நீளம் நீளமாப் பிரிச்சு, ஜன்னல் மேல வெக்கற லிண்டலுக்கு ஆகறது தனி, கொக்கிக்கு ஆகறது தனி. இப்பெல்லாம் பழைய இரும்புக்காரன் வந்து வெறுங்கையோட போறான். அவன் என்னைத் திட்டிட்டே போறான்.

ஏ பிகாஷ், அது எங்க போடறே? சிமெண்ட் சாக்கு மஞ்சள்லயா? நீலா, நீலா, நீல டிரம்ல. எடுத்துப் போடு. உதறிட்டுப் போடு, தூசியோட போடாதே. பாருங்க சார், ஒரு நிமிசம் அசந்தா எல்லாத்தையும் கலந்து விட்டுருவானுக. ஒருத்தனுக்கும் அக்கறை இல்லை. அந்த இளநி மட்டையை இப்படிக் குடுங்க, அது அங்க கிணத்துமேட்டுப் பக்கம் போகோணும், செடிக்கு மூடாக்குப் போட.

எங்க விட்டேன். ஆங், முதல் மாடித் தளத்தைச் சொல்லோணும்.

தை மாசம் முதல் தளம் போடற நாள். நான் விடிஞ்சதும் குளிச்சுட்டு, வெள்ளை வேட்டி கட்டிட்டு, மஞ்சத் தண்ணிச் செம்போட மேல போய் நின்னேன். பம்பு வெச்சுக் குழாய்ல கலவை வர்றதுன்னாலும் முதல் சட்டியைக் கையில வாங்கிக் கொட்டறதுதான் வழக்கம். காலேஜ் தாளாளரு வந்திருந்தாரு. மச்சான் பக்கத்துல நிக்கறாரு. சட்டியில கலவையை வாங்கியாச்சு. நான் கையை நீட்டறேன். தாளாளரு, "இதெல்லாம் பார்த்துக்கற இஞ்சினியர் யாருங்க?"ன்னு கேட்டாரு. மச்சானுக்கு முகமெல்லாம் பல்லு. "எங்க மாப்பிள்ளைதாங்க. மாப்பிள்ளை, நீங்களே போடுங்க"ன்னுட்டாரு.

நீட்டுன கையை என்ன பண்றது சார்? வேட்டியில துடைச்சுட்டேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்தாரு. "சித்தப்பா இருக்கறப்ப நானெப்படி மாமா"ன்னாரு. தாளாளரு முன்னால மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு ஆகுமா? நானே "போடுங்க மாப்பிள்ளை, போடுங்க"ன்னேன். உதடு சொல்லுச்சு. அவரு வாங்கிக் கொட்டினாரு. அதுவும் ஒழுங்காக் கொட்டத் தெரியலீங்க, பாதி சட்டியிலயே ஒட்டிட்டு இருந்துச்சு. போட்டோ எடுத்தாங்க. அந்தப் போட்டோவை மச்சான் ஆபீஸ்ல மாட்டி வெச்சிருக்காரு. ஓரத்துல ஒரு முழங்கை தெரியும். அது நான்தான்.

அன்னைக்கு நான் பிரியாணி சாப்பிடாமப் போயிட்டேன். வயிறு சரியில்லைன்னு சொன்னேன்.

கைராசி இல்லாம போட்ட தளம், எங்காவது வெடிப்பு விழுகும்னு எனக்குத் தெரியுங்க. தினமும் காலையில ஆளுக வர்றதுக்கு முன்னால மேல ஏறி, மூலை மூலையாக் குனிஞ்சு தேடுவேன். தளம் காயாம இருக்க மேல விரிச்ச சாக்கு எங்காவது காஞ்சு கிடந்தா நனைச்சுப் போடுவேன். பின்ன, வெடிப்பு விழுந்ததுக்கப்பறம் தண்ணி நனைக்கலைன்னு என்ற மேல பழி வரக்கூடாதில்லைங்களா? அதுவும் கண்ட தண்ணி கிடையாது, கை கழுவற தண்ணியைத் தெளிய வெச்சுப் பிடிச்சதைத்தான் ஊத்தோணும். அதைக் குடத்துல தூக்கிட்டுப் போய் ஊத்தினேன். ஒரு முடி அளவுக்கு வெடிப்பு இருக்கோணுமே. இல்லை. பெரிய இஞ்சினியர் ஒருத்தரு வந்து பார்த்துட்டு, இந்த மாதிரி பக்குவமா நனைச்ச தளத்தை நான் பார்த்ததில்லைன்னு மாப்பிள்ளை கையைக் குலுக்கிட்டுப் போனாரு. என்ன அதிர்ஷ்டம் பாருங்க அவருக்கு.

அதுக்கப்பறந்தான் ஒரு ஓடை விசயம். நீங்க கேட்டீங்களே, இந்த சைட்டுல இருந்து இடிசல் ஏதாவது வெளிய போயிருக்குதான்னு. நான் பொய் சொல்ல மாட்டேன் சார். ஒரு தடவை போச்சு.

பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிச்ச சுவர் எல்லாம் அந்த வேப்பமரத்துக்கிட்டக் குமிஞ்சு கிடந்துச்சு. அதை மெசினுல நொறுக்கித் தரைக்கு அடியில போடோணுங்கறது மாப்பிள்ளை திட்டம். மெசின்காரன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துட்டிருந்தான். மச்சான் வந்து, "என்ன மாப்பிள்ளை, இந்தக் குப்பை இன்னுங் கிடக்குது"ன்னு முகத்தைச் சுளிச்சாரு. முதமுதல்ல அவரு மாப்பிள்ளைகிட்ட முகத்தைச் சுளிச்சதை அன்னைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அன்னைக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சுங்க.

மறுநாள் மாப்பிள்ளை ஹேமாவைக் கூட்டிட்டுக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாரு. முழுகாம இருக்கறா, ஸ்கேன் பார்க்க. நான் டிராக்டரை வரச் சொல்லி, இடிசல் அத்தனையும் ஏத்தி, அந்தப் பக்கம் ஓடையில கொட்டி விட்டுட்டேன். இத்தனை காலமும் அப்படித்தான் சார் செஞ்சோம். எந்தக் கட்டடத்து இடிசல் எங்க போகுதுன்னு யாரு கேட்டாங்க? மத்தியானத்துக்குள்ள வேப்பமரத்தடி கூட்டி விட்ட வாசலாட்டம் ஆகிப்போச்சு. மச்சான் வரோணும், பார்க்கோணும், "சிகாமணி இருந்தாத்தான்டா வேலை ஆகுது"ன்னு சொல்லோணும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான். மாப்பிள்ளை திட்டம் அம்போன்னு போகோணுங்கறதும் இருந்துச்சு, இல்லைங்கல.

மச்சான் அன்னைக்குன்னு பார்த்து வரல. மாப்பிள்ளைதான் முதல்ல வந்தாரு. வேப்பமரத்தடியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. நான் எதுக்கும் தயாரா நின்னேன். சத்தம் போடுவாரு, நானும் போடலாம், யாரைக் கேட்டுக் குப்பைக்குப் பொறுப்பாக்குனீங்கன்னு கேட்டுரலாம், வரிசையா எல்லாம் நாக்கு நுனியில இருந்துச்சு. அவரு என்னைத் தாண்டிப் போயிட்டாருங்க. டிராக்டர்காரனைக் கூப்பிட்டு எந்த எடம்னு கேட்டாரு. பேண்டை மடிச்சு விட்டுட்டு, ரெண்டு ஆளுகளைக் கூட்டிட்டு ஓடைக்குள்ள இறங்கிட்டாரு. கல்லைக் கல்லாப் பொறுக்கி ஏத்திட்டு, பொழுது எறங்கறப்ப திருப்பிக் கொண்டு வந்து அதே எடத்துல கொட்டறாரு. கையெல்லாம் சிராய்ப்பு.

அப்பப் பார்த்து மச்சான் கார் வருது. "இதென்ன, போனது திரும்ப வருது?"ன்னு கேட்டாரு. நான் டிராக்டருக்குப் பின்னால ஒதுங்கினேன். மாப்பிள்ளை சொல்றாரு, "டிராக்டர்காரர் தெரியாம ஓடையில கொண்டு போய்க் கொட்டிட்டாரு மாமா. சித்தப்பாதான் பார்த்துட்டுத் திருப்பி எடுக்கச் சொன்னாங்க"ன்னு. மச்சான் அப்படியே வந்து என்ற தோள்ல கையை வெச்சாரு. "பரவாயில்லைடா சிகாமணி, காலத்துக்குத் தகுந்த மாதிரி மாறிட்டியே"ன்னாரு.

எத்தனை மாசமாக் காத்துட்டிருந்த கை சார் அது. தோள்ல விழுந்துச்சு. இல்லை மச்சான்னு சொல்லியிருக்கலாம். சும்மா தலையை ஆட்டிட்டு நின்னேன். மாப்பிள்ளை ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தார்னா மனசு ஆறியிருக்கும். அக்காகிட்டப் போய்ச் சொல்லியிருந்தாருன்னாக்கூட நாலு நாள் சண்டை போட்டுட்டு ஒண்ணாயிருக்கலாம். என்ன திமிரு இருந்தா ஒருத்தர் இப்படிக் காப்பாத்துவாரு? நீங்களே சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் அவருகூடச் சரியாப் பேசறதில்லை. அவரு வழக்கம்போல "சாப்பிட்டீங்களா சித்தப்பா"ன்னு கேட்டுட்டுத்தான் இருக்காரு.

எழுதறீங்களா? எழுதுங்க, எழுதுங்க. நீங்க கேட்டீங்க, நான் சொன்னேன். சான்றிதழ் கிடைக்காமப் போகட்டும்னா சொன்னேன்? உண்மையைச் சொல்றதுல என்ன தப்பு. சைட்டுல இருந்து இடிசல் ஓடைக்குப் போச்சு, போனதுதான். தலைமை அவருதான், அவருதான் பார்த்திருக்கோணும்.

ஒரு நிமிசம் சார், மச்சான் கூப்பிடறாரு.

சொல்லுங்க மச்சான். ஆமாங்க, சைட்டுலதான். வந்துட்டாருங்க, ஆபீசர் என்ற பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. இளநி குடுத்தாச்சுங்க. ம். ம். நாளைக்குங்களா? நானுங்களா? நெசமாவா மச்சான்? வந்துருவேன், விடிஞ்சதும் வந்துருவேன். வெள்ளை வேட்டிதான். ஏனுங்க மச்சான், இது உங்களாத் தோணுச்சுங்களா? ஓ. அப்படிங்களா. அவரா சொன்னாரு. எப்பச் சொன்னாரு? இன்னைக்குக் காலையிலயா. சரிங்க. சரிங்க மச்சான். வெச்சுடறேன்.

நாளைக்கு முதல் சட்டி என்னையப் போடச் சொல்லிட்டாரு சார்.

ஆமாங்க. சந்தோசம்தான். சந்தோசப்பட்டேனே, நீங்களே பார்த்தீங்களே, போன்ல குரல் எப்படி வந்துச்சுன்னு. அதுக்கப்பறம் மச்சான் சொல்றாரு, காலையில மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, "மாமா, சித்தப்பா கைதான் வேணும். போன தடவை நான் போட்டது எனக்கே மனசு ஒப்பலை"ன்னு ஒத்தைக் கால்ல நின்னாராம். மச்சானுக்குத் தானா ஞாபகம் வரலை. இவரு போய்க் கேட்டு வாங்கிக் குடுத்திருக்காரு. எனக்கு. என்ற சட்டியை.

இனி நான் நாளைக்கு எப்படிங்க அதைக் கையில வாங்கறது? வேண்டாம்னா, பாரு வயசான காலத்துல வீம்புன்னு சொல்லுவாங்க. வாங்கினா அவரு குடுத்ததை வாங்கினதாகும். ரேஷன் கடைத் தளத்துல மழை ஒதுங்கிப் போச்சே, அன்னைக்கு இவரு எங்க இருந்தாரு சார்? அரைக்கால் டவுசர் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டிருந்திருப்பாரு.

சரி விடுங்க. நீங்க எழுதினதைச் சித்தெ படிச்சுக் காட்டுங்க. அந்த ஓடை விசயம் மட்டும்.

இதென்னங்க சார், "இடிசல் வெளியேறியதற்குப் பொறுப்பு, திட்டத் தலைவர் தரணிதரன். அதே நாளில் திரும்ப எடுத்துச் சரிசெய்தவரும் அவரே"ன்னு போட்டிருக்கீங்க. தப்பைக் கண்டுபிடிச்சு உடனே திருத்தினா அது ஒரு நல்ல பேரா? குறையில்லீங்களா? அதுக்குத் தனியா மார்க்குங்களா? நல்லாருக்குதே கதை. சரி, திருப்பி எடுத்தது அவரு, அதுல அவரு பேரு இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கொட்டுனது நானில்லீங்களா? நான் கொட்டாட்டி அவரு எதைத் திருப்பி எடுத்திருப்பாரு?

அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார், சைட்டுல எது நடந்தாலும் தலைமை பேர்லதான் எழுதுவோம்னா அது உங்க ஆபீஸ் வழக்கம். இங்க கட்டடம் அவரு பேர்ல. தளம் வெடிக்காம நிக்கறது அவரு பேர்ல. என்ற தோள்ல விழுந்த கை அவரு போட்டுக் குடுத்தது. நாளைக்குச் சட்டியும் அவரு குடுத்தது. இந்த சைட்டுல யாரையும் கேக்காம, என்ற சொந்த ரோசனையில நான் செஞ்சது இது ஒண்ணுதான். இதையும் அவரு பேர்ல எழுதினா, எனக்குன்னு இங்க என்னங்க இருக்குது?

அடிச்சுட்டு எழுதுங்க. ஓடையில கொட்டினவன் தெய்வசிகாமணி. தெளிவா, முழுப் பேரும் போடுங்க. கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றேன், பேனாவைக் குடுங்க. என்ன சார் யோசிக்கறீங்க? வாசல் கேட்டுக்கிட்ட வண்டிச் சத்தம் கேக்குது, அவருதான். அதுக்குள்ள எழுதிருங்க. அவரு உள்ள வந்தாருன்னா, "அது என்ற பொறுப்புங்க சார்"னு சொல்லி இதையும் வாங்கிக்குவாரு.